கவலையில்லாத நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது மாடிக்கு வந்த பிறகு இது மூன்றாவது மாதம். இன்றும் தொலைபேசி அடிக்கவில்லை. காலையில் சந்தேகம் வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

முதல் மாடியில், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரை ஊரில் ஓடும் அத்தனை பேருந்தும் என் தலைக்குள்தான் ஓடின. எது எங்கே பழுதாகி நிற்கிறது, எந்த ஓட்டுநர் வரவில்லை, எந்த முனையில் எது யார்மேல் மோதியது என்று ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் இரண்டு பேர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த நாட்கள்தான் அதிகம். போன வருடக் கடைசியில் ஒரு மழை நாளில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தேன். தரையில் கிடந்தபடியே ரிசீவரில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். பக்கத்து மேசைக்காரர் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். மருத்துவர் சிரிக்கவில்லை. "இந்த வேலை வேணுமா, உயிர் வேணுமா? ஒண்ண சொல்லுங்க" என்றார். நிர்வாகம் என்னைப் 'பயணிகள் நல ஆலோசகர்' ஆக்கி மேலே அனுப்பியது.

ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு வழித்தட வரைபடம். அதுவும் பழசு; எப்போதோ நிறுத்திவிட்ட தடங்களெல்லாம் அதில் இன்னும் ஓடுகின்றன. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவருக்கு முதுகுவலி. அவருக்கு முன்னால் இருந்தவருக்கு இருதயம். யாருக்காவது உடம்பு கெட்டுவிட்டால் இந்த அறைக்கு ஏற்றிவிடுவது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வேலை ஒன்றுமில்லை. மத்தியானம் சூடாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். வீட்டிலும் அதை நிறுத்துவதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள்.

"அண்ணி, அப்போ ஆஃபீஸ்ல என்னதான் பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"சம்பளம்?"

"வருது."

"இதுக்கு இங்கிலீஷ்ல அழகா ஒரு வார்த்தை இருக்கு. சைனக்யூர்."

என் வீட்டுக்காரர் உடனே, "மருந்து பேரு மாதிரி இருக்கே, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றார். நாள் முழுக்கத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, மருந்துச்சீட்டோடு வருகிறவர்களையே பார்த்துப் பழகியவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிட்டால் நான் வெளியாள். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்வாள்.

மார்ச் 12, புதன்

கேட்டே விட்டேன். பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போய், "அந்த வார்த்தைய காட்டு" என்றேன். அவளுக்கு வாயெல்லாம் பல். தலையணை கனத்தில் ஒரு அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாக விளக்கினாள். லத்தீன் மொழியில் 'சினே' என்றால் 'இல்லாமல்'. 'கூரா' என்றால் கவலை, கவனிப்பு. ஒரு காலத்தில் தேவாலயத்தில் கொடுத்த பதவிக்கான பெயர் இது. சாதாரணமாக ஒரு பாதிரியாருக்குத் தன் வட்டாரத்து மக்களின் ஆன்மாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உண்டு. சிலருக்கு மட்டும் அந்தப் பொறுப்பு இல்லாமல் பதவியும் வருமானமும் கொடுத்தார்களாம். அந்தப் பதவிதான் சைனக்யூர். பிறகு எல்லா அலுவலகத்துச் சும்மா நாற்காலிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

"இன்னொண்ணு பாருங்க அண்ணி. செக்யூர்னு சொல்றோமே, பாதுகாப்புன்னு, அதுலயும் இதே கூராதான். 'செ'ன்னாலும் இல்லாமன்னுதான் அர்த்தம். கவலை இல்லாதவன்தான் செக்யூர்."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. கவலை இல்லாத பதவி என்றால் அதில் என்ன கேவலம்? எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததே அதுதானே!

கிளம்பும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "சரி, அந்தப் பாதிரியார் கவனிக்கலன்னா அந்த ஜனங்கள யாருதான் கவனிச்சாங்க?"

"அதுக்கு ஒரு பதிலாள் இருப்பாரு. விக்கர்னு பேரு. அந்த வார்த்தைக்கே பதிலாள்னுதான் அர்த்தம். வருமானத்துல சின்னப் பங்கு அவருக்கு."

"பதவி ஒருத்தருக்கு, பாடு ஒருத்தருக்கா?"

"அதேதான்."

பாவம் அந்த ஆள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நல்லவேளை, என் அறையில் அப்படியெல்லாம் இல்லை. வேலையே கிடையாது, பதிலாள் எங்கிருந்து வருவார்?

மார்ச் 14, வெள்ளி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் பேருந்தில் அடையாள அட்டையை நீட்டினேன். நடத்துநர் படித்துவிட்டு, "அண்ணே, அம்மா வந்திருக்காங்க!" என்று முன்னால் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடிய அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை காத்திருந்தது. நான் இறங்கும்போது ஓட்டுநர் கையைக் கட்டிக்கொள்ளாத குறைதான். "அம்மா, அந்த விஷயத்த மனசுல வெச்சுக்காதீங்க. அதுக்கப்புறம் நான் எந்த ஸ்டாப்பையும் தாண்டிப் போனதில்லம்மா."

எந்த விஷயம்? இந்த மனிதரை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "சரி, சரி" என்றேன். வேறென்ன சொல்வது?

அதோடு போயிருந்தால் சிரித்து மறந்திருப்பேன். அலுவலக வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் போற நாள்ல அந்த பஸ் லேட்டாவே வந்துட்டிருந்துச்சு. நீங்கதான் முன்னாடியே விடச் சொன்னீங்களாமே. இப்ப அம்மா ரோட்டுல நிக்கறதில்லைங்க." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நான் இல்லம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "பரவாயில்லம்மா, அம்மாவ நல்லா பாத்துக்கோங்க" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மாடி ஏறினேன். ஏறும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான் எந்தப் பேருந்தையும் எப்போதும் முன்னாடி விடச் சொன்னதில்லையே. அப்படியானால் யார் சொன்னது?

மார்ச் 17, திங்கள்

பதிலாளைப் பார்த்துவிட்டேன்.

தேநீர் கொண்டுவருபவரிடம் விசாரித்ததில், "கம்ப்ளெயின்ட் எல்லாம் கீழ குடைகிட்டதானே போகுது மேடம்" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. குடை என்பது ஒரு ஆள். தரைக்குக் கீழே, பேருந்தில் தவறவிட்ட பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். சுற்றிலும் எப்போதும் குடைகளாகக் குவிந்து கிடப்பதால் அந்தப் பெயர். ஒப்பந்த ஆள். இத்தனை காலம் ஒரே கட்டடத்தில் இருந்தும் நான் அங்கே இறங்கியதே இல்லை.

போனபோது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல கட்டைக் குரல்.

"அம்மா இப்பதான் மேசைய ஓங்கித் தட்டிட்டுப் போனாங்க. முகமெல்லாம் செவந்து கிடக்கு. நான் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பாத்துட்டேன். இன்னிக்கே அந்தப் படிக்கட்ட சரி பண்ணிடுங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல."

வைத்துவிட்டுத் திரும்பினார். என் அட்டையைப் பார்த்தார். கையிலிருந்த கைப்பை ஒன்று கீழே விழுந்தது.

"முகம் செவந்த அம்மா நான்தான்" என்றேன்.

பையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். மூன்று மாடி ஏற முடியாத ஜனங்களெல்லாம் வாசலிலிருந்து நாலே படி இறங்கினால் வரும் இந்த ஜன்னலில் வந்துதான் புலம்புவார்களாம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பணிமனைகளுக்குப் பேசினாராம். "குடை பாத்துக்கறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று வைத்துவிட்டார்களாம். ஒருநாள் வாய்க்கு வந்தபடி, "ஆலோசகர் சொல்றாரு" என்றாராம். உடனே நடந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாமே ஆலோசகர் பெயரில்தான்.

"முன்னாடி இருந்த ஐயா பேர சொன்னா சுமாராத்தான் நடக்கும் மேடம். நீங்க வந்ததுக்கப்புறம்தான் ஜோரா நடக்குது. அம்மா கோவமா இருக்காங்கன்னு சொன்னா போதும்."

"நான் எப்படிப்பட்டவ?"

"பொல்லாதவங்க. ஆனா நியாயமானவங்க." கூசாமல் சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. இந்த ஆளுக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. தான் சாதித்த கதைகளை அளந்துகொண்டே போனார். நடுவில், குடை கேட்டு வந்தவருக்கு வேறு யாருடைய குடையையோ எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் திரும்பி வந்து சண்டை போட்டார். பொருளைப் பத்திரமாக வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்; அதைத்தான் அவர் சரியாகச் செய்வதில்லை.

கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். "மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க அடிக்கடி இங்க வராதீங்க. உங்க முகத்த பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்க."

மார்ச் 19, புதன்

நாத்தனார் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று மறுபடி அவளைத் தொலைபேசியில் பிடித்தேன். கூரா என்றால் கவலையா, அக்கறையா, சரியாகச் சொல் என்றேன். "ரெண்டும்தான் அண்ணி, அவங்களுக்கு ஒரே வார்த்தைதான்" என்றாள்.

நமக்கு இரண்டு வார்த்தை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கவலை வேண்டாம், அக்கறை மட்டும் போதும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் என்னைக் கீழே தள்ளியது இரண்டில் எது? அந்தப் பெண்ணின் அம்மா சாலையில் நிற்பதைக் கேட்டுக் குடைக்கு மனசு பொறுக்கவில்லையே, அது எது?

இதற்கெல்லாம் எனக்குப் படிப்பு போதாது. தூங்கப் போகிறேன்.

மார்ச் 24, திங்கள்

தலையில் இடி. பதவிகளைக் குறைப்பதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். 'பயணிகள் நலம்' என்ற தலைப்பில் இரண்டு இடங்கள்: மூன்றாம் மாடியில் நான், தரைக்குக் கீழே குடை. இரண்டில் ஒன்றுதான் இருக்கும். வருகிற திங்கட்கிழமை என்னை விசாரிக்கிறார்கள்.

மேலாளரின் செயலர் நல்ல மனுஷி. காதோடு சொன்னாள். "பயப்படாதீங்க மேடம். நீங்க செய்ற வேலைய சொன்னா போதும். உங்களப் பத்தி டிப்போவுல எல்லாம் ஒரே பேச்சு." நான் செய்கிற வேலையா? அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லையே.

மாடிப்படியில் கட்டுப்பாட்டு அறைத் தலைவர் எதிரே வந்தார். "உடம்பு தேறிட்டீங்க போல! உங்க பழைய நாற்காலி காலியாத்தான் இருக்கு." அன்பாகத்தான் சொன்னார். இந்தப் பதவி போனால் என்னை அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த அறை வேண்டாம். அந்தச் சத்தம் வேண்டவே வேண்டாம். மறுபடி அங்க போனா நான் செத்துடுவேன். நிஜமா.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் பேர சொல்லித்தானே எல்லாம் நடந்துச்சு? அப்போ அது உன் வேலைதான். ஆமான்னு தலையாட்டு, முடிஞ்சுபோச்சு."

"அவரு வேலை போயிடும்."

"உன் உயிரு போயிடும். எனக்கு எது முக்கியம்னு நினைக்கற?"

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம், அவர் சொன்னது எனக்கு இனித்தது. பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா தலையாட்டினால் போதும். எல்லோரும் ஏற்கெனவே நம்பிவிட்டார்கள். ஊரே சேர்ந்து என்னைப் பெரிய வேலை செய்கிறவளாக ஆக்கிவிட்ட பிறகு எனக்கென்ன வந்தது?

இரவு சாப்பிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

குடை மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தார். "இதுதானா மேடம்? நான் இன்னும் பெருசா நினைச்சிருந்தேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "எல்லாம் நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லிடுங்க மேடம். உண்மை தெரிஞ்சா அதிகாரி பேர சொல்லி மிரட்டினான்னு கெட்ட பேரோட அனுப்புவாங்க. தெரியலன்னா மாசக் கடைசில ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு மரியாதையா போயிடுவேன். வேற இடத்துல வேலை கேக்கணும்ல?"

"இத்தனையும் செஞ்சது நீங்கன்னு யாருக்குமே தெரிய வேணாமா?"

பெருமையடிக்கிற அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் பொண்டாட்டிக்கே தெரியாது மேடம். அவகிட்டயும் ஆலோசகர் அம்மாதான் செய்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். தினமும் உங்களுக்காக வேண்டிக்கறா." சிரித்தார். "யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு தடவ, என் பேர சொல்லி நன்றி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அது மட்டும்தான். நான் வரேன் மேடம்."

படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன மனுஷி நான்? ஒருத்தரோட பொண்டாட்டி வேண்டுதல்லகூட நான் பங்கு வாங்கிட்டிருக்கேன்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். காலையில் அப்படி. மத்தியானம் வேண்டாம் என்று தோன்றியது. இப்போது மறுபடி சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. குடைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால்? அவர் சொல்லி மிரட்டியது என் பெயரைத்தானே. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நானே சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

மார்ச் 31, திங்கள்

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். வலது பக்கத்தில் இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டு ஒருவர். மூன்றாமவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொறுப்புல என்னென்ன செய்றீங்க?" என்றார் தலைவி.

"உக்காந்திருக்கேன்" என்றேன். "நான் இதுவரைக்கும் ஒரு டிப்போவுக்கும் போன் பண்ணினதில்ல. எல்லாம் கீழ இருக்கறவர்தான் செய்றாரு. என் பேர பயன்படுத்திக்கறாரு. அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஆனால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள்!

"இவ்வளவு தன்னடக்கமா இருப்பீங்கன்னு நாங்க எதிர்பாக்கல" என்றார் தலைவி. "கீழ இருக்கற ஊழியருக்குப் பெருமைய விட்டுக்கொடுக்கறீங்க. பெரிய மனசு."

"மனசெல்லாம் இல்லைங்க. உண்மைய சொல்றேன்."

"டிரைவர்கள விசாரிச்சோம். உங்க பேர எடுத்தாலே நடுங்கறாங்க."

"நான் அவங்கள பாத்ததுகூட இல்லைங்க!" குரல் உயர்ந்துவிட்டது. ஆத்திரத்தில் மேசையைத் தட்டியும் விட்டேன். மிட்டாய்க்காரர் பக்கத்தில் குனிந்து, "நான் சொல்லல? கோவக்காரங்கன்னு" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

வேறு வழியில்லாமல், அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். குடை வந்தார். என்னைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் அம்மாதான் சார். நான் குடை மட்டும்தான் பாத்துக்கறேன்" என்று ஒரே போடாகப் போட்டார். அடப்பாவி மனுஷா!

தலைவிக்கு அப்போதுதான் ஏதோ பட்டிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார். "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருந்த நிறுத்தத்த அடுத்த தெருவுக்கு மாத்தினீங்களே. ஏன்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அப்படி ஒன்று மாற்றப்பட்டது என்பதே அப்போதுதான் தெரியும்.

மிட்டாய்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். "யார் செஞ்சிருந்தாலும் அது முட்டாள்தனம். வாசல்ல இறங்கற குழந்தைங்கள வேணும்னே நடக்க விட்டிருக்காங்க."

குடையின் முகம் மாறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"முட்டாள்தனமா? சார், அந்த வாசல்ல லாரி திரும்புது சார்! பஸ்ஸு நின்னா பின்னாடி வர்ற லாரி டிரைவருக்குக் குழந்தை கண்ணுலயே படாது. நானே போய் நின்னு பாத்தேன். வாட்ச்மேன்கிட்ட பேசினேன், ஹெட்மாஸ்டர்கிட்ட பேசினேன். அடுத்த தெருவுல நடைபாதை அகலம். மழைக்கு ஒதுங்க கடை வாசல் இருக்கு. யோசிக்காமலா மாத்தினேன்?"

"மாத்தினேன்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தலைவி, "மேல சொல்லுங்க" என்றார். சொன்னார், சொன்னார், அப்படிச் சொன்னார். அவருடைய பெருமையை இத்தனை காலம் அணைபோட்டு வைத்திருந்தார் போல. மருத்துவமனைத் தடம், உடைந்த படிக்கட்டு, கண் தெரியாதவருக்காக நடத்துநர்கள் நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொல்ல ஆரம்பித்தது எல்லாம் வந்தது. கொஞ்சம் கூட்டியும் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். யாரும் அவரை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும், "கெடுத்துட்டேன் மேடம்" என்றார். "நானும்தான்" என்றேன். இரண்டு பேரும் போய்த் தேநீர் குடித்தோம்.

ஏப்ரல் 2, புதன்

பதில் வரவில்லை. வீட்டில் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபமில்லை, பயம்.

ஏப்ரல் 4, வெள்ளி

குடையின் ஒப்பந்தத்தை முடிவு வரும்வரை நீட்டியிருக்கிறார்களாம். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி கனவு. பகலில், நாற்காலியிலேயே.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் அந்த வார்த்தைய சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வருமென்று நான் நினைத்ததே இல்லை. "சொன்னது நல்லதுக்குத்தான், விடு" என்றேன். மனசார்த்தான் சொன்னேன். ஆனால் பயம் போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டது!

மூன்றாம் மாடி அறை மூடப்படுகிறது. ஆலோசகர் பதவி கீழே குடையின் ஜன்னலுக்கே இறங்குகிறது. குடை இனி ஆலோசகர், முதலில் ஒரு வருடத்துக்கு. எனக்குக் கட்டுப்பாட்டு அறை கிடையாது. மருத்துவர் எழுதியது எழுதியதுதான் என்று தலைவி உறுதியாகச் சொல்லிவிட்டாராம். விருப்பமிருந்தால் கீழே ஜன்னலில் உதவியாளராக இருக்கலாம். ஒரு படி இறக்கம்தான். குடைக்கு உதவியாளர்!

செயலர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள், நான் அழுதுவிடுவேன் என்று நினைத்திருப்பாள். அழத்தான் செய்தேன். அப்பாடா என்றுதான் அழுதேன். நெஞ்சுமேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்து இப்போது எழுந்து போன மாதிரி இருக்கிறது. அந்த அறை இல்லை. அந்தச் சத்தம் இல்லை. சொன்ன உண்மையும் வீணாகவில்லை.

வீட்டில் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படி இறங்கினா என்ன? உனக்கு மூட்டு வலி வேற, மூணு மாடி ஏற வேணாம்" என்றார். நான் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கீழே முதல் நாள். குடைகளையெல்லாம் நிறம்வாரியாகப் பிரித்து அடுக்கினேன். இத்தனை நாள் இந்த மனிதர் எப்படித்தான் சமாளித்தாரோ! காணாமல் போன பொருட்களையே காணாமல் போக்கியிருக்கிறார்.

தொலைபேசியும் அடிக்கிறது. முதல் தடவை அடித்தபோது உடம்பு உதறியது. எடுத்தேன். ஒரு அம்மாள், பேருந்தில் பல்செட்டை விட்டுவிட்டாராம். தேடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். வைத்த பிறகு பார்த்தால் கை நடுங்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆலோசகருக்கு ஒரு சங்கடம். பதவி வந்தபின் பணிமனைகளில் யாரும் அவருக்குப் பயப்படுவதில்லையாம். "அம்மா எங்க?" என்று கேட்கிறார்களாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் அவர் மென்று விழுங்கிக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "மேடம், லேசா ஒரு தடவ மட்டும் கோவப்படுங்களேன்."

கோபப்பட்டேன். நன்றாகவே வந்தது.

மே 16, வெள்ளி

திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். என் வீட்டுக்காரர் கடையை வேறு இடத்துக்கு மாற்றுகிறார். கூட இருந்து கண்ணாடிப் பெட்டிகளை எடுத்துவைக்கலாமென்று.

ஆலோசகர் தலையைச் சொறிந்தார். நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தினார். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நான் உதவவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை முடியாது. சனி ஞாயிறு தொலைச்சவங்க எல்லாம் அன்னிக்குத்தான் வருவாங்க. நீங்க இல்லன்னா நான் திணறிப் போயிடுவேன். வேணும்னா செவ்வாய்க்கிழமை எடுத்துக்கோங்க."

"சரிங்க சார்" என்றேன். 'சார்' என்றதும் அவர் காது சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவருக்குக் கோபம். "ஒரு நாள் லீவு குடுக்க மாட்டானா? நீ எதுக்கு இளிச்சிட்டு நிக்கற?"

மூன்றாம் மாடியில் இருந்தபோது பிப்ரவரியில் ஒரு வாரம் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். திரும்பிப் போனபோது, நான் வராதது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை இவரிடம் அப்போது சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை எடுத்துக்கச் சொல்லியிருக்காரு, கடைய அன்னிக்கு மாத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.